கிட்டாரின் மேற்பூச்சு: பழுதுபார்த்தவரின் மதிப்பீடு

கிட்டார் வாங்க வருவோர் ஒலியையும் விலையையும் விசாரிப்பார்களே தவிர, மேற்பூச்சு என்னவென்று கேட்பவர் அரிது. என்னிடமுள்ள மூன்று கிட்டார்களுக்கும் வெவ்வேறு பூச்சு. மூன்றிலும் விழுந்த காயங்களைச் சரிசெய்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

முதலாவது, பாலியெஸ்டர் பூசிய மின்கிட்டார். ஃபெண்டர் நிறுவனம் 1960களின் இறுதியில் இந்தத் தடித்த பூச்சுக்கு மாறியது. இன்று குறைந்த விலையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இதையோ பாலியூரித்தேனையோ பூசியே வருகின்றன. வியர்வைக்கு அசையாத இப்பூச்சு, வேதிவினையால் வலைபோலப் பிணைந்து இறுகிவிடுவதால், பிறகு தின்னரில் கரையாது. மேலே எதைப் பூசினாலும் பழையதோடு கலக்காமல் தனி அடுக்காகவே நிற்கும். கீழ்விளிம்பில் சில்லுப் பெயர்ந்த இடத்தை உடனடிப் பசையால் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டும் காயும்வரை பொறுத்து, மட்டத்துக்குச் சற்று மேலே எழும்பும்வரை நிரப்பினேன். சவர பிளேடின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, நடுப்பகுதியால் மட்டும் சுரண்டி, 800, 1200, 2000 எண் உப்புத்தாள்களை நீரில் நனைத்து வரிசையாகத் தேய்த்தேன். விரலுக்குப் பள்ளம் தட்டுப்படவில்லை. ஆனால் சாய்ந்த வெளிச்சத்தில் ஒட்டிய இடத்தின் விளிம்பு இன்றும் கண்ணில் படுகிறது.

இரண்டாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1920களில் மோட்டார் வாகனங்களுக்காகப் பரவிய இதை கிப்சன் கிட்டார் நிறுவனம் இன்றும் விடாமல் பூசுகிறது. கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே இது காய்கிறது. ஆகவே புதிய லாக்கர் பழையதை இளக்கி அதனுடன் ஒன்றாகிவிடும், ஒட்டிய தடமே இராது. இந்த ஒரு குணத்துக்காகவே இதன் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. குறைகளும் சிறியவை அல்ல: ரப்பர் தாங்கியில் நாள்கணக்கில் சாய்த்து வைத்தால் தழும்பு விழும், திடீர்க் குளிரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும், ஆவி தீப்பற்றக்கூடியது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். இந்தக் கிட்டாரில் விழுந்த பள்ளத்தைப் பழுதுபார்ப்பவர் ஒருவர் லாக்கரால் நிரப்பி, நான்காம் நாளே மெருகேற்றித் தந்தார். ஒரு மாதத்துக்குள் லாக்கர் சுருங்கி, அதே பள்ளம் திரும்பிவிட்டது.

மூன்றாவது, பிரெஞ்சு பாலிஷ் செய்த கிளாசிக்கல் கிட்டார். ஜார்க்கண்ட் காடுகளின் பலாச மரங்களில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினிலிருந்து கிடைக்கும் ஷெல்லாக்கே இதன் மூலப்பொருள். முழங்கை படும் இடம் வியர்வையில் விரைவாக மங்கிவிடும். ஆனால் ஆல்கஹாலில் கரைத்த ஷெல்லாக்கைத் துணிமுடிச்சால் மெல்லத் தேய்த்தால் அதே மாலையில் பளபளப்பு திரும்புகிறது. மூன்றில் பழுதுபார்க்க எளியது இதுவே. மேடைக்கும் பயணத்துக்கும் தாங்காது.

பழைய கிட்டாரின் பூச்சு எதுவென்று தெரியாவிட்டால், வெளியே தெரியாத ஓரிடத்தில் ஒரு துளி ஆல்கஹால் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் பெரும்பாலும் ஷெல்லாக். அசிட்டோனுக்கு மட்டும் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பசையும் பிளேடும்தான் வழி.