கண்டியில் வாங்கிய ஹெட்போன் கேபிள்: சென்ஹைசர் வைத்திருப்பவர்கள் கவனம்

போன மாசம் கண்டி டவுனில் ஒரு கடையில் 14,500 ரூபா கொடுத்து ஹெட்போன் கேபிள் ஒன்று எடுத்தேன். காசு மட்டும் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என் சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனில் கேபிள் செருகும் இடது பக்கச் சொக்கட்டும் போய்விட்டது. அதே கடையிலிருந்து ஹட்டன், நுவரெலியா பக்கமும் கூரியரில் சாமான் வருகிறது. அதனால் நடந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

இந்த ஹெட்போனை அத்தான் கட்டாரில் இருந்து வரும்போது கொண்டு வந்து தந்தார். பாட்டுக் கேட்பதற்கு மட்டும் நான் அதை வைத்திருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் மாசியில் நடக்கும், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தை மூன்று வருசமாகப் பதிவு செய்து வருகிறேன். பெரியப்பா பாடும் ரதி ஒப்பாரியையும் தப்பு மேளத்தின் சத்தத்தையும் ஒன்றையொன்று அமுக்காமல் கலந்து எடுப்பதெல்லாம் இந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான். இதன் ஒரிஜினல் கேபிள் 3 மீட்டர். தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் அவ்வளவு நீளத்தை எங்கே வைப்பது? கதிரைக் காலில் சிக்கும், பிள்ளைகள் மிதிப்பார்கள். கட்டையான கேபிளாக வேண்டும், என் சின்ன அம்பில் (அம்ப்ளிபயரில்) இருக்கும், இரண்டு காதுக்கும் மைனஸ் தனித்தனியாக வரும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்ட் துளைக்கும் சரிவர வேண்டும் என்றுதான் கண்டிக்குப் போனேன்.

"தம்பி, இது எல்லா சென்ஹைசருக்கும் வரும். சுத்த வெள்ளி வயர். போட்டதும் சத்தம் விரிஞ்சு கேட்கும்" என்றார் கடைக்காரர். பழைய கேபிளை அவரே கழற்றினார், புதியதை அவரே செருகினார். வலது பக்கம் லேசாக உள்ளே போனது. இடது பக்கம் போகவில்லை. ஹெட்போனை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்து, பெருவிரலால் அழுத்தித் தள்ளினார். 'கிறீச்' என்று ஒரு சத்தம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "புதுசுதானே தம்பி, இறுக்கமாத்தான் இருக்கும்" என்றார். நம்பினேன்.

அன்று இரவே பெரியப்பாவின் ஒப்பாரியைப் போட்டேன். நெற்றிக்கு நடுவில் நிற்கவேண்டிய குரல் இரண்டு காதோரத்துக்கும் சிதறி, எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. தப்பின் அடியில் கனம் இல்லை. விரிந்த சத்தம் என்று அவர் சொன்னது இதைத்தான் என்று எண்ணி, குரலைத் தூக்கினேன், அடிச்சத்தத்தைத் தூக்கினேன், இரண்டு இரவு முழித்திருந்து கலவையை முடித்தேன். பெரியப்பா அதை மகனுடைய ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, "என்னடா இது, தப்பு இரையுது, நான் கத்துறேன், கூத்து எங்க?" என்றார். அந்த வார்த்தை இன்னும் மனசில் கிடக்கிறது.

ஹட்டனில் ரேடியோ, டீவி திருத்தும் கூட்டாளி ஒருவர் இருக்கிறார். அவர் பேப்பர் ஒன்றை விரித்து ஒரிஜினல் கேபிளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எச்டி 600, 650 வகைக்கு ஒவ்வொரு காதுக்கும் இரண்டு பின். ஒன்று தடிப்பு, மற்றது மெலிவு. மாற்றிச் செருக முடியாதபடி வைத்த ஏற்பாடு அது. புதிய கேபிளின் வலது பக்கம் அப்படித்தான் இருந்தது. இடது பக்கம் இரண்டு பின்னும் தடிப்பு! எப்படியும் செருகலாம், ஆனால் மெல்லிய துளையை அகட்டிக்கொண்டுதான் உள்ளே போகும். கடைக்காரர் செருகியதோ தலைகீழாக. மல்டிமீட்டரின் ஒரு முனையை 4.4 பிளக்கின் நுனியில் வைத்து, மற்றதால் பின்களைத் தொட்டதும் அது தெரிந்துவிட்டது. ஒரு காதில் பிளஸும் மைனஸும் மாறினால் ஒரு பக்கத்து டயாபிராம், அதாவது சத்தம் எழுப்பும் சவ்வு, வெளியே தள்ளும் நேரத்தில் மற்றப் பக்கத்தது உள்ளே இழுக்கும். பெரியப்பாவின் குரல் நடுவில் நிற்காததற்கு அதுதான் காரணம்.

வயரை பிளேடால் சுரண்டினார். வெள்ளி நிறத்துக்கு அடியில் சிவப்புச் செம்பு. செம்பு கூடாத சாமான் இல்லை. வெள்ளி அதைவிட ஆறு சதவீதம் அளவுக்குத்தான் நன்றாக மின்சாரம் கடத்தும், இந்த 300 ஓம் ஹெட்போனுக்கு அந்த வித்தியாசம் காதில் விழப்போவதில்லை. ஆனால் சுத்த வெள்ளி என்று சொல்லித்தானே காசு வாங்கினார்.

இன்னொன்று இதைவிட மோசம். "பழைய கேபிளையும் பேலன்ஸ்ட்ல போடலாம்" என்று 3.5 மில்லிமீட்டர் பிளக்கை 4.4 ஆக்கும் அடப்டர் ஒன்றை இலவசமாகத் தந்திருந்தார். சாதாரண கேபிளில் இடது வலது இரண்டு மைனஸும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அதை பேலன்ஸ்ட் துளையில் போட்டால் அம்பின் இரண்டு மைனஸ் வெளியீடுகளும் ஷோர்ட் ஆகும், அம்பே எரியலாம். கூட்டாளி கண்டதால் தப்பியது. 4.4 கேபிளை 3.5 துளையில் போடும் அடப்டரில் இந்த ஆபத்து இல்லை, திசை மாறினால்தான் வினை. யார் கையிலாவது அப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து போட்டுவிட வேண்டாம்.

திரும்பவும் கண்டிக்குப் போனேன். "பாவிச்ச சாமான் திருப்பி எடுக்கிறதில்ல. சொக்கட் முந்தியே லூசா இருந்திருக்கும்" என்றார். கையில் இருந்தது பெயரில்லாத துண்டு, அதிலும் 'கேபிள் 1' என்று மட்டும்தான். பில் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள், எந்த மொடலுக்கு என்று எழுதியும் வாங்குங்கள். அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

மற்ற ஹெட்போன்காரர்களும் 'எல்லாத்துக்கும் வரும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். எச்டி 800இன் பிளக்கே தனி. ஏகேஜி கே702க்கு ஒரு பக்கம் மட்டும், மூன்று பின் உள்ள மினி எக்ஸ்எல்ஆர் என்ற சின்ன வட்டப் பிளக். ஓடிஸி எல்சிடிக்கு இரண்டு பக்கமும், அதே வகையில் நான்கு பின். ஹைஃபைமேனில் பழையவை சில 2.5 மில்லிமீட்டர், சண்டாரா மொடல் 3.5. மீஸே 99இல் துளை உள்ளே பதிந்திருப்பதால் தடித்த பிளக் முழுசாகப் போகாது. ஒரிஜினல் கேபிளையும் கொண்டுபோய், பின்னோடு பின் வைத்துப் பார்த்தபிறகு காசைக் கொடுங்கள். செருகுவதை மட்டும் கடைக்காரரிடம் விடாதீர்கள்.

இப்போது ஒரிஜினல் கேபிளைப் போட்டாலும் தலையைத் திருப்பினால் இடது காது விட்டுவிட்டுக் கேட்கிறது. எச்டி 650 சொக்கட்டைப் பழுதில்லாமல் திருத்தக்கூடியவர் கண்டியிலோ கொழும்பிலோ இருந்தால் சொல்லுங்கள். மாசிக்கு முன்னால் பெரியப்பாவின் ஒப்பாரியை முதலிலிருந்து கலக்க வேண்டும்.