பாலாற்று மணலில் மூன்று ரிமோட்டுகள்

ரிமோட் காரின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரக் கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை. வெட்டவெளியில், இரண்டு முனைகளும் நல்ல உயரத்தில் இருந்தால் கிடைக்கும் தூரம் அது. காரோ தரையை ஒட்டி ஓடுவது. அதன் ஆன்டெனா மண்ணிலிருந்து ஒரு சாண்கூட எழும்புவதில்லை. அந்த உயரத்தில் ரேடியோ அலையின் பெரும்பகுதியைத் தரையே கெடுத்துவிடுகிறது. எனவே கோடையில் வறண்டு கிடந்த பாலாற்றில், காட்பாடிக் கரைப் பக்கம், அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று ரிமோட்டுகளைச் சோதித்தேன்.

முதலாவது, நான் பல வருடங்களாக வைத்திருக்கும் 27 மெகாஹெர்ட்ஸ் செட். நீட்டி மடக்கும் ஆன்டெனா; எந்தச் சேனலில் பேசுவது என்பதைத் தீர்மானிக்கும், கழற்றி மாட்டும் கிரிஸ்டல். இரண்டாவது, மலிவான காரோடு ஒரே பெட்டியில் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட். மூன்றாவது, தனியாக வாங்கிய, துப்பாக்கிப் பிடியும் பக்கவாட்டில் சிறு சக்கரமும் உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்.

சோதனை முறை எளிது. பையன் காரைத் தூக்கிக்கொண்டு நடப்பான். பத்து காலடிக்கு ஒருமுறை மணலில் வைப்பான்; கீழே வரும் 'அடி' எல்லாம் இந்தக் காலடிக் கணக்குதான். நான் ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்புவேன். முன்சக்கரம் திரும்புகிறதா என்று கைபேசியில் சொல்வான். கையில் பிடித்தபடியே பார்த்தால் எல்லா ரிமோட்டும் நன்றாகத்தான் வேலை செய்யும். மணலில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

பழைய செட் ஏறக்குறைய எழுபது அடி வரை தாங்கியது. அதற்கு மேல், "மாமா, சக்கரம் நடுங்குகிறது" என்றான். ஆன்டெனாவை மடக்கியபோது பதினைந்து அடியிலேயே நடுக்கம் வந்துவிட்டது. 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கே இரண்டே முக்கால் மீட்டர். கையில் இருக்கும் ஒரு மீட்டர் கம்பி ஏற்கெனவே குட்டை, அதையும் மடக்கினால் என்ன மிஞ்சும்? காருக்குள் இருக்கும் ரிசீவர் வயரை அழகுக்காகச் சுருட்டி வைப்பவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள்.

மோட்டாரை ஓடவிட்டபோது நடுக்கம் இன்னும் முன்னதாகவே வந்தது. மோட்டாருக்குள் உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் பறக்கவிடும் தீப்பொறி இந்த அலைவரிசையில் இரைச்சலாகப் புகுந்துவிடும். மோட்டாரைத் திறந்து பார்த்தேன்: அந்த இரைச்சலை அடக்குவதற்கான, '104' என்று எழுதிய சின்னஞ்சிறு கெப்பாசிட்டர்கள் மூன்றில் ஒன்றின் கால் ஒடிந்திருந்தது. பற்றவைத்ததும் நிலைமை தேறியது. இடையில் பையன் ரிமோட்டின் கிரிஸ்டலையும் ரிசீவரின் கிரிஸ்டலையும் இடம் மாற்றி மாட்டிவிட்டு, செட் செத்துவிட்டது என்று கலங்கியது தனிக் கதை. இரண்டும் 455 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் உள்ள ஜோடி. ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டக் கூடாது.

இரண்டாவது ரிமோட்டில் நடுக்கமே இல்லை. நாற்பது அடி வரை கச்சிதம். அதன் பிறகு ஒரேயடியாக மௌனம். அதுகூடப் பெரிதில்லை. ஓட்டிக்கொண்டிருந்தபோது தொடர்பு அறுந்ததும், கடைசியாகக் கொடுத்த வேகத்தையே பிடித்துக்கொண்டு கார் நேராகப் போனது. எதிரே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறின. கார் சீமைக்கருவேலம் புதருக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டது. முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு எடுத்தேன். ஆட்டுக்காரப் பாட்டி சொன்னதை இங்கே எழுத முடியாது.

மூன்றாவதை நூற்றைம்பது அடி தாண்டியும் சோதித்தோம். சக்கரம் திரும்பிக்கொண்டே இருந்தது; ஆனால் கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. அதோடு தூரச் சோதனையை நிறுத்திவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத காரை ஓட்டி என்ன பயன்?

ஓரிடத்தில் மட்டும் பழைய செட் மற்ற இரண்டையும் வென்றது. பையனை எனக்கும் காருக்கும் நடுவில், காரை ஒட்டி நிற்கச் சொன்னேன். 27 மெகாஹெர்ட்ஸ் அதைச் சட்டையே செய்யவில்லை. இரண்டாவது முப்பது அடிக்குள்ளேயே அறுந்தது. மூன்றாவதும் நூறு அடிக்கு அருகே ஒருமுறை தடுமாறியது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். பெரும்பகுதி நீரான மனித உடல் அதை விழுங்கிவிடும். கூட்டத்துக்கு நடுவே கார் ஓட்டுபவர்கள் மேடை தேடி ஏறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஊருக்குள் வந்தால் கதை மாறுகிறது. காந்தி நகர்த் தெருவில், வீட்டுக்கு வீடு வைஃபை இதே அலைவரிசையில் இயங்கும் மாலை நேரத்தில், மூன்றாவது செட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை. அலைவரிசைக்குள் இடம் மாறி மாறித் தாவுவதால் ஓரிடத்தில் நெரிசல் என்றால் அடுத்த இடத்தில் பிழைத்துக்கொள்கிறது. பழைய செட்டுக்கு அந்த வித்தை கிடையாது. பக்கத்துத் தெருவில் யாராவது அதே சேனலில் ரிமோட்டைத் தட்டிவிட்டால் என் கார் இரண்டு எஜமானர்களின் சொல்லையும் கேட்டுக் குழம்பும்.

மூன்றாவது செட்டைப் பற்றி ஒரு வீண்பழியையும் தீர்த்துவிடுகிறேன். அக்னி நட்சத்திர வெயிலில் பன்னிரண்டு மணிக்கு, மணலில் கார் திடீரென்று நின்றது. ரிமோட்தான் மோசம் செய்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஸ்டியரிங் திரும்பியது. ரேடியோ அறுந்திருந்தால் இரண்டும் போயிருக்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுப் பலகை சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது. நிழலில் கால் மணி நேரம் வைத்ததும் ஓடியது.

என் தேர்வு மூன்றாவதுதான். காரணம் தூரம் அல்ல, தொடர்பு அறுந்தால் அது நடந்துகொள்ளும் விதம். வேகம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடுகிறது. லேசாகப் பிரேக் பிடிக்கும்படியும் அமைத்துக்கொண்டேன். வாங்கும் முன் கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம்: காரை ஒரு செங்கல் மேல் வைத்துச் சக்கரங்களை அந்தரத்தில் விடுங்கள், பாதி வேகம் கொடுங்கள், ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.