ரத்த தானம்: முகாமா, கூப்பிட்டால் போவதா?

உலக ரத்த தான நாளான ஜூன் 14 நெருங்கினாலே மஞ்சக்குப்பத்துப் பையன்கள் கேட்பார்கள்: "அண்ணே, ரத்தத்தை முகாம்ல கொடுக்கலாமா, ரத்த வங்கியில கூப்பிட்டா போகலாமா?"

வசதி
முகாம்: தெருமுனையிலேயே, பிஸ்கட், ஜூஸ் உண்டு.
அழைப்பு: பஸ் பிடித்துப் போகணும்.

வீணாவது (விஷயமே இங்கேதான்)
முகாம்: சிவப்பணு 35 முதல் 42 நாள் தாங்கும். தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) 5 நாள்தான், அதுவும் 22 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்கணும். ஒரே நாளில் பைகள் குவிந்தால் தேதி தாண்டியது குப்பைக்கு. எல்லாரும் சேர்ந்து கொடுத்துவிட்டால் அடுத்த 3 மாதம் கூப்பிட ஆளும் இல்லை!
அழைப்பு: பரிசோதனை முடிந்ததும் நோயாளிக்கு ஏறிவிடும்.

அவசரம்
விபத்தென்றால் ஏற்கெனவே பரிசோதித்து ஃப்ரிட்ஜில் இருக்கும் பைதான் கைகொடுக்கும்.

ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ்காரர்கள் முகாமுக்குப் போங்க, மாதத்துக்குக் கொஞ்சம் பேராகப் பிரிந்து. அரிதான நெகட்டிவ் குரூப் என்றால் ரத்த வங்கியில் நம்பரைக் கொடுத்துவிட்டு அழைப்புக்குக் காத்திருங்க.