வேர்க்கடலையா, முந்திரியா, பாதாமா?

சௌகார்பேட்டையில் ஒரு கிலோ பாதாம் வாங்கும் பணத்துக்கு நான்கைந்து கிலோ வேர்க்கடலை வந்துவிடும். அந்த விலைக்கு ஏற்ற வித்தியாசம் உடம்பில் தெரியுமா? எடையைப் பொறுத்தவரை தெரியாது என்பது என் கட்சி. சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று வந்தால்தான் வழக்கு கொஞ்சம் சிக்கலாகிறது.

முதலில் எடை. 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டால் வேர்க்கடலையும் பாதாமும் 170 கலோரியை ஒட்டி நிற்கின்றன. முந்திரி அதைவிடச் சற்றுக் குறைவு. அக்ரூட் எனப்படும் வால்நட் 195ஐத் தொடுகிறது. "முந்திரி ஒரே கொழுப்பு, பாதாம்தான் நல்லது" என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். நூறு கிராம் முந்திரியில் கொழுப்பு 44 கிராம், பாதாமிலோ 50. பழியை மட்டும் முந்திரி சுமக்கிறது! அதன் உண்மையான குறை வேறு: நார்ச்சத்து மிகக் குறைவு, மாவுச்சத்து மற்ற கொட்டைகளைவிட அதிகம். நார்ச்சத்தில் பாதாமுக்கு முதலிடம். புரதத்தில் வேர்க்கடலையை யாரும் தொட முடியாது: நூறு கிராமுக்கு சுமார் 26 கிராம். தாவரவியல்படி அது கொட்டையே அல்ல, பயறு இனம். அதனால்தான் இந்தப் புரதம்.

இவ்வளவு கலோரி இருந்தும் கொட்டை தின்கிறவர்கள் ஏன் ஊதிப்போவதில்லை? பசி அடங்கி அடுத்த வேளைச் சாப்பாடு தானாகக் குறைவது ஒரு காரணம். இன்னொன்று சுவாரசியமானது. முழுப் பாதாமிலிருந்து உடம்புக்குக் கிடைக்கும் ஆற்றல், கணக்குப்படி கிடைக்க வேண்டியதைவிட நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு என்று அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் 2012இல் கண்டார்கள். எவ்வளவு மென்றாலும் செல் சுவர்கள் எல்லாம் உடைவதில்லை. உள்ளே சிக்கிய கொழுப்பு செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. வால்நட்டில் இந்தத் தள்ளுபடி ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நைசாக அரைத்து வெண்ணெய்போல் ஆக்கிவிட்டால் பாதாமின் தள்ளுபடி காணாமல் போகிறது. ஜிம் போகிறேன் என்று கடலை வெண்ணெய் டப்பாவை ஸ்பூனோடு காலி செய்கிறவர்கள் கவனிக்கலாம்.

இனி சர்க்கரை. இதற்கு ஸ்பெயினுக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டியதில்லை. நம் ஊரிலேயே இரண்டு சோதனைகள் நடந்திருக்கின்றன. இரண்டையும் நடத்தியது மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இரண்டும் 12 வாரங்கள். 2018இல் வெளியான முதல் ஆய்வில் டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 300 பேரில் ஒரு பிரிவினர் தினமும் 30 கிராம் முந்திரி சாப்பிட்டார்கள். எடை கூடவில்லை. மேல் ரத்த அழுத்தம் குறைந்தது, நல்ல கொலஸ்ட்ரால் சற்று ஏறியது. சர்க்கரை அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 2023இல் வெளியான இரண்டாவது ஆய்வில் எடை மிகுந்த 400 பேரில் ஒரு பிரிவினருக்குத் தினமும் 43 கிராம் பாதாம். இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலை) குறைந்தது, இடுப்புச் சுற்றளவும் மொத்தக் கொலஸ்ட்ராலும் குறைந்தன.

பாதாம் ஜெயித்துவிட்டது என்று எழுதிவிடலாம்தான். ஆனால் ஆட்கள் வேறு, அளவு வேறு. முந்திரிக்கும் 43 கிராம் கொடுத்து அதே ஆட்களிடம் பார்த்திருந்தால்தான் நேருக்கு நேர் போட்டி. பாதாம் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கலிபோர்னியா பாதாம் வாரியம் என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதனால் முடிவு பொய் என்று ஆகாது.

வால்நட்டுக்குத் தனிப் பெருமை ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு. ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வில், ஒரு பிரிவுக்குக் கொடுத்த தினசரி 30 கிராம் கொட்டையில் பாதி வால்நட்தான். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பிரிவில் குறைவாக இருந்தன. இதய நோய் பயம் உள்ளவர்கள் நாலு துண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

சென்னையில் உண்மையான வித்தியாசத்தை உண்டாக்குவது எந்தக் கொட்டை என்பதல்ல, அது எந்த வேஷத்தில் வருகிறது என்பதுதான். முந்திரி நம் தட்டுக்கு வெண்பொங்கலின் நெய்யோடும் பாயசத்தின் வெல்லத்தோடும் முந்திரி பக்கோடாவின் எண்ணெயோடும் வருகிறது. பாதாம் வருவது அல்வாவாக, அல்லது சர்க்கரை கரைத்த பாதாம் பாலாக. மசாலா கடலை என்பது மாவு பூசிப் பொரித்தது. கடலை மிட்டாய் வெல்லப்பாகு. இவற்றைக் கொட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

என் தேர்வு, தோலோடு வேகவைத்த வேர்க்கடலைச் சுண்டல். வேகும்போது தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் நூறு கிராமுக்குக் கலோரி 570இலிருந்து 320 அளவுக்கு இறங்குகிறது. கிண்ணம் நிறைந்த மாதிரியும் இருக்கும். நான்கு மணி டீக்கு பஜ்ஜி, பிஸ்கட் இருந்த இடத்தில் இது வர வேண்டும். அவற்றோடு கூட வந்தால் தொப்பைதான் வளரும். சர்க்கரை நோயோடு தொப்பையும் உள்ளவர், கையில் காசும் இருந்தால், பாதாம் வாங்கட்டும். ஊறவைக்கலாம், ஆனால் தோலை உரித்து எறிய வேண்டாம். நார்ச்சத்தில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. முந்திரியை விரும்புகிறவர் எண்ணெய் இல்லாமல் வறுத்து இருபது பருப்போடு நிறுத்தினால் குற்றமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எதை எடுப்பதானாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

வேர்க்கடலைக்கு ஒரு கறுப்புப் புள்ளி உண்டு: பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின், கல்லீரலுக்கு விஷம். வறுத்தாலும் முழுவதும் போகாது. நம் கடற்கரை ஈரக்காற்றில் கடலை சீக்கிரம் பூத்துப்போகும் என்பதால் கால் கிலோவுக்கு மேல் வாங்கிக் குவிக்காமல், இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வாயில் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.