ஆர்க்கைவ்: கட்டுரை உடனே கிடைக்கும், தீர்ப்பு கிடைக்காது

பேச்சை எழுத்தாக மாற்றும் மாடல்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் தினமும் பார்த்தே ஆக வேண்டிய தளம் ஆர்க்கைவ் (arXiv): ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை, மற்ற வல்லுநர்கள் சரிபார்க்கும் வரை காத்திராமல், நேரடியாகப் போடும் இணையதளம். செயற்கை நுண்ணறிவில் எது புதிதாக வந்தாலும் பெரும்பாலும் முதலில் இங்கேதான் வந்து விழுகிறது. ஒரு மாநாட்டில் ஏற்றுக்கொண்டு, திருத்தி, வெளியிட்டு முடிப்பதற்குள் அதே வேலையை இரண்டு மூன்று குழுக்கள் தாண்டிப் போய்விடுகிற துறை இது. எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், யாரும் இதற்கு ஒரு விமர்சனம் எழுதுவதில்லை. சரி, நானே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தன் துறைக்காரர்களுக்காகத் தொடங்கியது. 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. 2022 தொடக்கத்தில் 20 லட்சம் கட்டுரைகளைத் தொட்டுவிட்டது. படிக்கவும் காசில்லை, போடவும் காசில்லை. படிப்பவரிடம் லாகின் கேட்பதில்லை, விளம்பரம் கிடையாது. பக்கத்தின் தோற்றம் பழசுதான், ஆனால் தேவையான எல்லாம் ஒரே பார்வையில் கிடைத்துவிடும்.

கட்டுரை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய மொழி மாடல்களுக்கு அடித்தளமான ட்ரான்ஸ்ஃபார்மர் வடிவமைப்பை அறிமுகப்படுத்திய கட்டுரையின் எண் 1706.03762. 2017ஆம் ஆண்டு, ஜூன் மாதம், அந்த மாத வரிசையில் 3762. மாடல்களைப் பயிற்றுவிக்க உதவும் ஆடம் ஆப்டிமைசர் என்ற முறையின் கட்டுரைக்கு 1412.6980, அதாவது 2014 டிசம்பர். அதில் புள்ளிக்குப் பின்னால் நான்கே இலக்கம் இருப்பதைக் கவனியுங்கள். மாதத்துக்கு 9999க்குள் இனி அடங்காது என்று 2015 ஜனவரியிலிருந்து ஐந்து இலக்கமாக்கினார்கள். இப்போது மாதம் 20 ஆயிரத்துக்கு மேல் வருகிறது. எந்தக் காலத்துக் கட்டுரை என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது சின்ன வசதிதான், ஆனால் தினமும் உதவுகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பதிப்பு வரலாறு. கட்டுரையின் சுருக்கம் இருக்கும் பக்கத்தின் அடியில் வி1, வி2 என்று ஒவ்வொரு பதிப்பும் தேதி, நேரம், கோப்பின் அளவோடு வரிசையாக நிற்கும். மேலே சொன்ன ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டுரையே 2023 ஆகஸ்டில் வி7 வரை வந்திருக்கிறது. புதுப் பதிப்பைப் போட்டாலும் பழையது அழிவதில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றால்கூட முந்தைய பதிப்பு அப்படியே இருக்கும். பேச்சுணர் துறையில் ஒரு கட்டுரை, பெயர் வேண்டாம். முதல் பதிப்பின் அட்டவணையில் இருந்த சொற்பிழை விகிதம் (மாடல் எத்தனை சதவீதச் சொற்களைத் தவறாக எழுதுகிறது என்ற அளவு, குறைவாக இருந்தால் நல்லது) இரண்டாம் பதிப்பில் ஒரு புள்ளிக்கு மேல் ஏறியிருந்தது. சுருக்கத்தில் ஒரு எழுத்து மாறவில்லை, ஏன் ஏறியது என்று ஒரு வரி விளக்கமும் இல்லை. இரண்டு பிடிஎஃப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. அதன் பிறகு, முடிவுகள் ரொம்ப அழகாக இருக்கும் கட்டுரைகளுக்கு நான் முதலில் பார்ப்பது வி1ஐத்தான்.

இன்னொரு பொக்கிஷம் லேடெக் மூலக்கோப்பு. லேடெக் என்பது சமன்பாடுகள் நிறைந்த கட்டுரைகளை அச்சுக்கு வடிவமைக்கும் மென்பொருள். லேடெக்கில் எழுதியவர்கள் மூலத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு சமன்பாட்டைத் திரும்பத் தட்டச்சு செய்யாமல் எடுத்துக்கொள்ளலாம், படங்களைத் தனியாகப் பார்க்கலாம். அப்புறம், பிடிஎஃப்பில் தெரியாதபடி % குறிக்குப் பின்னால் ஆசிரியர்கள் ஒளித்துவைத்ததாக நினைக்கும் குறிப்புகள்! மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லும் நினைவூட்டல்கள், தூக்கிப்போட்ட பத்திகள், சக ஆசிரியர்களுக்குள் நடந்த சண்டை எல்லாம் அப்படியே கிடக்கும். நீங்கள் கட்டுரை போடுகிறவர் என்றால், கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆர்க்கைவ் லேடெக் கிளீனர் என்ற, இந்தக் குறிப்புகளை நீக்கும் கருவியை ஒரு முறை ஓட்டிவிட்டுப் போடுங்கள்.

இனி, கிடைக்காத விஷயம். இங்கே கட்டுரை சரியா தவறா என்று யாரும் பார்ப்பதில்லை. புது ஆசிரியருக்கு ஒருவர் பரிந்துரை தர வேண்டும். தன்னார்வ நெறியாளர்கள் தலைப்பு பொருந்துகிறதா, ஆய்வுக் கட்டுரையின் லட்சணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான், கணிதத்தின் புகழ்பெற்ற புதிரான புவாங்கரே அனுமானத்தின் நிரூபணத்தை 2002, 2003இல் இங்கே மட்டும்தான் போட்டார், எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. அதே கதவு வழியாகத்தான் அரைகுறைகளும் நுழைகின்றன. 'இன்ன மாநாட்டில் ஏற்கப்பட்டது' என்று கட்டுரைப் பக்கத்தின் கருத்துக் கட்டத்தில் (Comments) இருப்பது ஆசிரியர் தானே எழுதிக்கொள்வது. அதை முத்திரை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக வரும் மாணவர்கள் "ஆர்க்கைவில் வெளியாகியிருக்கிறது" என்று சான்றிதழ் போலச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பதறும்.

புதுக் கட்டுரைகளின் தினசரிப் பட்டியலில் மேலே வருவதற்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கக் கிழக்கு நேரம் மதியம் 2 மணிக்கு அன்றைய கெடு முடியும், இரவு 8 மணிக்குப் பட்டியல் வரும். கெடு முடிந்த மறுநொடி அனுப்பினால் அடுத்த பட்டியலின் தலையில் உட்காரலாம் என்று காத்திருந்து பொத்தானை அழுத்துகிறவர்கள் உண்டு. அப்படி மேலே நிற்பவை அதிகம் மேற்கோள் காட்டப்படுகின்றன என்று கின்ஸ்பார்க்கே இன்னொருவரோடு சேர்ந்து 2009இல் எழுதியிருக்கிறார். அதனால் நான் அடியிலிருந்து மேலே படிக்கிறேன். கொஞ்சம் வீம்புதான்.

2025 அக்டோபர் கடைசியில் கணினி அறிவியல் பிரிவில் ஒரு கெடுபிடி வந்தது. மீளாய்வுக் கட்டுரைகளும் (பிறர் ஆய்வுகளைத் தொகுப்பவை) நிலைப்பாட்டுக் கட்டுரைகளும் (ஒரு கருத்தை வாதாடுபவை) வேறு எங்காவது சகமதிப்பாய்வில், அதாவது அதே துறை வல்லுநர்களின் சரிபார்ப்பில், தேறியிருந்தால்தான் இங்கே இடம். மொழி மாடல்களை வைத்து மளமளவென்று எழுதிக் குவித்ததன் விளைவு. எனக்கு இதில் வருத்தமில்லை. இருநூறு கட்டுரைகளின் தலைப்பைத் தொகுத்து நடுவில் ஒரு மரப்படம் போட்டுவிட்டால் அது மீளாய்வு ஆகிவிடாது. ஆனால் எங்கும் சேராத ஒரு தனி ஆய்வாளர் நல்ல மீளாய்வு எழுதினால் அதைக் காட்ட அவருக்கு இருந்த வாசல் ஒன்று குறுகிப்போனது, அதுவும் உண்மை.

2023 டிசம்பரிலிருந்து எச்டிஎம்எல் வடிவமும் தருகிறார்கள். ஃபோனில் படிக்க இதுதான் வசதி. அபூர்வமான லேடெக் தொகுப்பைப் பயன்படுத்திய கட்டுரை என்றால் சமன்பாடு உடையலாம், அப்போது பிடிஎஃப்புக்குத் திரும்ப வேண்டும். தேடல் பெட்டி சொற்களைத்தான் தேடும், எதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று அடுக்கித் தராது. கண்டுபிடிக்க செமான்டிக் ஸ்காலர் என்ற கட்டுரைத் தேடுபொறி, படிக்க ஆர்க்கைவ், அப்புறம் மற்றவர்கள் என்ன குறை சொன்னார்கள் என்று பார்க்க, மதிப்பாய்வுகளை வெளிப்படையாகக் காட்டும் ஓபன்ரிவ்யூ தளம். ஐசிஎல்ஆர் என்ற இயந்திரக் கற்றல் மாநாட்டுக்கு வந்த கட்டுரை என்றால், நிராகரிக்கப்பட்டதாக இருந்தாலும் மதிப்பாய்வுகளை அங்கே வரிவரியாகப் படிக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மின்னஞ்சல் சந்தாவில் ஒரே ஒரு குறுகிய பிரிவைத் தேர்ந்தெடுங்கள். என் துறைக்கு அது பேச்சுச் செயலாக்கப் பிரிவு. தொடர்புடைய மொழிக் கட்டுரைகள் குறுக்குப் பட்டியல் (ஒரே கட்டுரையை இன்னொரு பிரிவிலும் காட்டும் வசதி) வழியாகத் தானாகவே வந்துவிடும். இயந்திரக் கற்றல் பிரிவுக்கு மட்டும் முழுச் சந்தா வேண்டாம். அந்தப் பட்டியலின் தலைப்புகளைப் படிப்பதற்கே தனியாக ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருக்கும்.