அயோடின் எண் 1000 என்று அச்சிட்ட மூட்டையில் வந்தது வெறும் தொட்டிக்கரி

சென்ற கோடையில் எங்கள் குடியிருப்பின் தண்ணீர் வடிகட்டிக்குக் கரி மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. 25 கிலோ மூட்டைகள் நான்கு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ‘தேங்காய்த் தொட்டி ஆக்டிவேட்டட் கார்பன், அயோடின் எண் 1000’ என்று அச்சிட்டிருந்தது. ஆக்டிவேட்டட் கார்பன் என்றால் வாடையையும் அழுக்கையும் பிடித்துவைக்கும்படி துளைகள் திறக்கப்பட்ட கரி. ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடித்துவைக்கிறது என்பதுதான் அயோடின் எண், கூடக்கூட நல்லது. விலை வழக்கத்தைவிடக் குறைவு என்பதில்தான் ஏமாந்தேன். மூன்று மூட்டைகளைக் கொட்டிய மூன்றாம் நாளே தண்ணீரில் குளோரின் வாடை திரும்பிவிட்டது. விற்றவரைக் கேட்டால், “புதுக் கரி பழகக் கொஞ்ச நாளாகும் சார்” என்றார். அதையும் நம்பி இரண்டு வாரம் காத்திருந்தேன். பிறகு ஆய்வகத்தில் கொடுத்ததில் அயோடின் எண் 300ஐக்கூட எட்டவில்லை.

தேங்காய்த் தொட்டியை, அதாவது சிரட்டையை, காற்றுப் படாமல் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கரி கிடைக்கும். அதிலும் துளைகள் உண்டு. ஆனால் சுடும்போது கசிந்த தார் அவற்றின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கரியை மறுபடியும் 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீராவியில் வைக்கும்போதுதான், நீராவி கார்பனோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேற, முதலில் அடைப்புகள் நீங்கி, பிறகு துளைச் சுவர்களே சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு, 2 நானோமீட்டருக்கும் குறுகிய நுண்துளைகள் ஏராளமாகத் திறக்கின்றன. நன்றாகத் திறந்த கரியில் ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். அயோடின் எண் அளப்பது பெரும்பாலும் இந்த நுண்துளைகளைத்தான். நீராவியில் அளவுக்கு மீறி வைத்தால் இடைச்சுவர்கள் கரைந்து துளைகள் அகன்றுபோகும், கரியும் நொறுங்கும். எனக்கு விற்றவர் அந்தத் தவறைச் செய்யும் அளவுக்குக்கூடப் போகவில்லை. அரிப்பில் கரியின் எடை குறைவதும் உலைக்கு எரிபொருள் செலவாவதும் சேர்ந்துதான் விலையை ஏற்றுகின்றன என்பதால், அந்தக் கட்டத்தையே விட்டுவிட்டு, தொட்டிக்கரியை உடைத்துச் சலித்து மூட்டை கட்டியிருக்கிறார்.

இரண்டுக்கும் நிறம் ஒன்றுதான், கண்ணால் பிரிக்க முடியாது. வாங்குமுன் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: துளை திறந்த கரி மெல்லச் சீறிக்கொண்டு வெகுநேரம் குமிழி விடும். என் கரி பேருக்கு நாலு குமிழி விட்டு அடங்கியது. லிட்டர் படியில் அளந்து எடை போடுவதும் உதவும். நல்ல கரி பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டி நிற்கும், வெறும் கரி அதைவிடக் கனக்கும். இவை முதல் சல்லடைதான். அந்தத் தொகுதிக்கே உரிய ஆய்வறிக்கை கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

பணம் திரும்பவில்லை. பிரிக்காத நாலாவது மூட்டையைத் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரருக்குக் கொடுத்தேன். இவ்வளவு பொடியாக இருந்தால் பெட்டியில் நிற்காது என்று அவரும் திருப்பி அனுப்பிவிட்டார்.