எட்டாம் வகுப்பு மனத்திறன் கைடு: 180 ரூபாய்க்கு வாங்கலாமா?

மகள் கோத்தகிரியில் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். என்.எம்.எம்.எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேர்வாகிவிட்டால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. ஜூன் மாதம் ஊட்டி கமர்சியல் சாலைக்குப் போனபோது, அந்தத் தேர்வின் மனத்திறன் தாளுக்கென்றே இருந்த இந்தத் தமிழ் கைடை வாங்கி வந்தேன். ஆறு மாதமாக நாங்கள் இருவரும் அதோடு மல்லுக்கட்டுகிறோம். நான் தையல்காரி, படிப்பு பத்தாவதோடு சரி.

எண் தொடர், ரத்த உறவு எல்லாம் மற்ற கைடுகளில் இருப்பதுதான். படக் கேள்விகளுக்காக இதை வாங்கலாம். கண்ணாடி பிம்பம், விடுபட்ட கட்டம், காகிதம் மடித்து வெட்டுவது என்று ஒவ்வொன்றிலும் நாற்பது கேள்விக்குக் குறையாமல் இருக்கிறது. கடிகாரக் கேள்விக்குச் சுருக்கு வழியும் உண்டு: கண்ணாடியில் 3.20 தெரிந்தால் 11.60-இலிருந்து (அதாவது 12 மணியிலிருந்து) கழி, உண்மையான நேரம் 8.40.

மற்றபடி விளக்கம் என்பதே கிடையாது. விடைப்பக்கத்தில் வெறும் 1, 3, 4, 2. ஒன்பது கட்டத்தில் ஒன்று காலியாக வரும் கேள்விகள் மகளை அழவே வைத்துவிட்டன. மொத்தமாக ஒருமுறை பார்த்துவிட்டு "எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா" என்பாள். புடவை பார்டரைப் பார்க்கிற மாதிரி பார் என்றேன். முதலில் கோடுகளை மட்டும் எண்ணு. அப்புறம் புள்ளி எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போகிறது என்று பார். கறுப்பு வெள்ளை கடைசியில். ஒத்துவராத விடையை அவ்வப்போது அடித்துக்கொண்டே வா. இப்போது பாதிக்கு மேல் சரியாகப் போடுகிறாள். முதல் இரண்டு படத்திலும் இருக்கிற கோடு மூன்றாவதில் மறைந்துபோகும் வகை ஒன்று உண்டு. அது பிடிபட எனக்கே இரண்டு ராத்திரி ஆனது.

சில விடைகள் தப்பு. காகிதத்தைக் குறுக்கே ஒரு மடிப்பு, நெடுக்கே ஒரு மடிப்பு மடித்து, மடிப்பு விளிம்பில் அரை வட்டம் வெட்டினால் விரிக்கும்போது நான்கு வட்டம் வரும் என்கிறது கைடு. மடிப்பில் வைத்து அரைக் கழுத்து வெட்டினால் முழுக் கழுத்து ஒன்றுதான் வரும் என்பது தினம் ஜாக்கெட் வெட்டுகிற எனக்குத் தெரியாதா? நாலாக மடித்ததால் இரண்டு முழு வட்டம், அவ்வளவுதான். பழைய பேப்பரை வெட்டி விரித்துக் காட்டியதும் மகள் சிவப்பு மையால் விடையைத் திருத்தினாள். இப்படி இதுவரை ஏழு பிடித்திருக்கிறோம். அதனால் கைடு வாங்குகிறவர்கள் கூடவே ஒரு கத்தரிக்கோலும் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மைத் தேர்வில் மனத்திறன் தாளுக்கு 90 நிமிடத்தில் 90 கேள்வி. இதிலுள்ள மாதிரித் தேர்வுகளோ 50 கேள்வியோடு முடிகின்றன. இரண்டைச் சேர்த்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுத வைக்கிறேன். அச்சும் சுமார்தான். சாய்கோடு போட்ட படங்கள் சில இடங்களில் மை அப்பி முழுக் கறுப்பாகிவிட்டன. கடையிலேயே படப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பைண்டிங் பசை எங்கள் ஊர் ஆடி மாத மூடுபனிக்குத் தாங்கவில்லை. நடுப்பக்கங்கள் கையோடு வந்துவிட்டன. கோணி ஊசியில் தடித்த நூல் கோத்து நானே தைத்துவிட்டேன்.